சிரிப்பு வாயுவுக்கு இட்ட கடிவாளம்

2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'த ஃபாஸ்ட் அன்ட் த ஃபியூரியஸ்' என்ற ஹொலிவூட் திரைப்படம் உலகெங்கும் ஒரு தலைமுறை இளைஞர்களுக்கு நைட்ரஸ் ஒக்சைட் என்ற பெயரை அறிமுகம் செய்து வைத்தது. காரின் பின்பக்கத்தில் ஓர் உருளை. ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான். அதை அமுக்கியதும் தெருவிளக்குகள் ஒளிக்கோடுகளாக நீளுகின்றன, கார் அம்பு போலப் பாய்கிறது. பின்னர் வந்த கணினி விளையாட்டுகளும் அதே பொத்தானைச் சிறுவர்களின் கைகளில் கொடுத்தன. பொத்தானை அமுக்கினால் வேகம், விட்டால் பழைய நிலை. இதற்கு இடையில் வேறொன்றும் இல்லை என்பதே அந்தப் படங்களும் விளையாட்டுகளும் சொல்லிய செய்தி.

உண்மையில் இந்த வாயுவின் இருநூற்று ஐம்பது ஆண்டு வரலாறு முழுவதும் அந்த 'இடையில்' பற்றியதுதான். எவ்வளவு கொடுப்பது, எந்தக் கணத்தில் கொடுப்பது, எந்தக் கணத்தில் நிறுத்துவது என்ற கேள்விக்கு விடை தெரியாமல் இருந்தவரை அது வைத்தியர்களை அவமானப்படுத்தியது, விமானிகளைக் காத்திருக்க வைத்தது, பந்தய ஓட்டுநர்களின் எஞ்சின்களை உருக்கியது. விடை தெரிந்த இடங்களில் மட்டுமே அது பயன் தந்தது.

நைட்ரஸ் ஒக்சைட்டை 1772ஆம் ஆண்டில் முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கிலேயர். ஆனால் அதன் குணங்களை முறையாக ஆராய்ந்தவர் ஹம்ப்ரி டேவி. 1799ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரில் தோமஸ் பெடோஸ் என்ற வைத்தியர் வாயுக்களால் நோய் தீர்க்கும் நிலையம் ஒன்றை ஆரம்பித்தபோது அங்கு பரிசோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த டேவிக்கு வயது இருபது. நீராவி இயந்திரத்தால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட் அந்த நிலையத்துக்கான வாயு உபகரணங்களை வடிவமைத்துக் கொடுத்தார். டேவி பட்டுப் பைகளில் வாயுவை அளந்து நிரப்பித் தாமே சுவாசித்தார். கவிஞர்களான கோல்ரிட்ஜும் சௌதியும் அவரது அழைப்பில் சுவாசித்தார்கள், சிரித்தார்கள். 'சிரிப்பு வாயு' என்ற பெயர் நிலைத்தது அப்படித்தான். ஆனால் 1800இல் வெளிவந்த டேவியின் நூலைப் புரட்டுபவர்களுக்குச் சிரிப்பைவிட எண்களே அதிகம் தென்படும். எத்தனை குவாட் அளவு உள்ளிழுக்கப்பட்டது, எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு முறையும் குறித்து வைத்திருக்கிறார். இந்த வாயு வலியை மறக்கச் செய்வதால் சத்திரசிகிச்சையில் உதவக்கூடும் என்றும் எழுதினார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் எவரும் அதைக் கவனிக்கவில்லை.

1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் இந்த வாயுவைச் சுவாசித்துவிட்டுத் தமது பல்லையே பிடுங்கச் செய்தார், வலிக்கவில்லை. அடுத்த மாதமே பொஸ்டன் நகருக்குச் சென்று மாணவர்கள் நிறைந்த மண்டபத்தில் அதைச் செய்துகாட்ட முற்பட்டார். வாயுப் பையைச் சற்று முன்கூட்டியே அகற்றிவிட்டார்கள். நோயாளி கத்தினார். பார்த்திருந்தவர்கள் மோசடி என்று கூவினார்கள். வெல்ஸ் அந்த அவமானத்திலிருந்து மீளவே இல்லை. 1848இல் நியூயோர்க் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். வாயு சரியாக இருந்தது, நோயாளியும் சரியாகவே இருந்தார். அளவு மட்டும் பிழைத்தது. 1868இல் சிக்காகோ நகரின் எட்மண்ட் அண்ட்ரூஸ் ஒட்சிசனைக் கலந்து கொடுக்கத் தொடங்கியதும், 1917இல் இலண்டன் வைத்தியர் பொயில் தமது மயக்கமருந்து இயந்திரத்தை வடிவமைத்ததும் இந்த வாயுவை வைத்தியசாலைக்குள் நிலைபெறச் செய்தன.

இனி எஞ்சினுக்கு வருவோம். நைட்ரஸ் ஒக்சைட் தானாக எரிவதில்லை. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டிருக்கிறார்கள். அது எரிபொருள் அல்ல, எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைச் சுமந்து வரும் வாகனம். சாதாரண வளியின் திணிவில் ஒட்சிசன் சுமார் 23 வீதம்; நைட்ரஸ் ஒக்சைட்டில் 36 வீதம். எஞ்சினுக்குள் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸைக் கடந்ததும் அது நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது. பிரியும்போதே வெப்பத்தையும் வெளிவிடுகிறது. மேலதிக ஒட்சிசன் கிடைத்தால் மேலதிக பெற்றோலை எரிக்கலாம். அதுவே மேலதிக வலு. இன்னொரு நன்மையும் உண்டு. திரவமாக அடைக்கப்பட்டிருக்கும் இந்த வாயு வெளியேறும்போது மைனஸ் 88 பாகை வரை குளிர்ந்து எஞ்சினுக்குள் செல்லும் வளியையும் குளிர்விக்கிறது. குளிர்ந்த வளி அடர்த்தியானது. அதனாலும் வலு கூடும். தூய ஒட்சிசனையே செலுத்தினால் என்ன என்று கேட்கலாம். எஞ்சின் தாங்காது. நைட்ரஸ் ஒக்சைட்டுடன் கூடவே வரும் நைதரசன்தான் அந்தத் தீயின் மூர்க்கத்தைத் தணிக்கிறது.

றொக்கெட் விஞ்ஞானத்தின் முன்னோடியான ரொபர்ட் கொடார்ட் 1914ஆம் ஆண்டிலேயே தமது காப்புரிமை ஆவணம் ஒன்றில் பெற்றோலையும் திரவ நைட்ரஸ் ஒக்சைட்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது பற்றிக் குறிப்பிட்டிருந்தார். எனினும் எஞ்சின்களில் அது முதன்முதலில் பெருமளவில் பயன்பட்டது இரண்டாம் உலக மகாயுத்தத்தில், ஜேர்மனியின் போர் விமானங்களில். உயரே செல்லச் செல்ல வளி ஐதாகிறது. எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. ஒட்டோ லுட்ஸ் என்ற பொறியியலாளர் உருவாக்கிய 'ஜி.எம். 1' என்ற அமைப்பு அந்த உயரங்களில் எஞ்சினுக்கு நைட்ரஸ் ஒக்சைட்டை ஊட்டியது. விமானிகள் அதைச் சிரிப்பு வாயுவின் நினைவாக 'ஹாஹா' கருவி என்று அழைத்தார்களாம். மெஸர்ஸ்மிட் 109, ஜங்கர்ஸ் 88 வகைகள் சிலவற்றிலும், யுத்தத்தின் கடைசி மாதங்களில் 14 கிலோமீற்றர் உயரத்துக்கு மேல் பறக்கவென அமைக்கப்பட்ட டி.ஏ. 152 விமானத்திலும் அது இருந்தது. பிரித்தானியர்களும் சும்மா இருக்கவில்லை. தங்களது மொஸ்கீற்றோ இரவுப் போர் விமானங்கள் சிலவற்றில் அதே வாயுவைப் பொருத்தினார்கள். ஒரே வானத்தில் துரத்தியவனும் தப்பியோடியவனும் பிரிஸ்டல் நகரில் டேவி சுவாசித்த வாயுவையே எரித்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கும் பிரச்சினை அளவுதான். ஆனால் விமானத்தில் அது ஓரளவு எளிய பிரச்சினை. விமான எஞ்சின் உயரத்தில் நீண்ட நேரம் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழல்கிறது. ஆகவே விநாடிக்கு இத்தனை கிராம் என்று ஒரு நிலையான ஓட்டத்தை வைத்தால் போதும். விமானி ஆளியைப் போட்டதும் வலு உடனே வந்துவிடுவதில்லை என்பதும், தாங்கியின் பாரத்தை வாயு தீர்ந்த பின்னும் சுமந்து திரிய வேண்டும் என்பதுமே முறைப்பாடுகள். 1945இல் அமெரிக்காவின் நாகா எனப்படும் வான்பறப்பு ஆலோசனைக் குழுவும் விமான எஞ்சின் சிலிண்டரில் நைட்ரஸ் ஒக்சைட்டைச் செலுத்திப் பரிசோதித்தது. யுத்தம் முடிந்தது, ஜெட் விமானங்கள் வந்தன, விமானத்துறை இந்த வாயுவை மறந்தது.

மறக்காதவர்கள் அமெரிக்காவின் பழைய கார்களைக் கழற்றிப் பூட்டி வேகம் கூட்டிய இளைஞர்கள். அவர்களது கராஜ்களில் இந்த வாயு இரகசியமாகவே வளர்ந்தது. இரகசியம் என்பதற்குக் காரணம் உண்டு. உருளையைக் கழற்றிவிட்டால் சாட்சி எதுவும் மிஞ்சாது. வாயு எரிந்து நைதரசனாக வெளியேறிவிடும். பந்தய அதிகாரிகளுக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேறில்லை.

அந்த இரகசியம் பகிரங்கமானது 1976 பெப்ரவரியில், புளோரிடாவின் டேற்றோனா ஓடுபாதையில். தகுதிகாண் சுற்றில் மணிக்கு 187 மைல் வேகத்தைத் தாண்டி முதலாவதாக வந்த ஏ.ஜே. ஃபொய்ட்டின் நேரத்தையும், முன்வரிசையை எட்டியிருந்த டரல் வோல்ட்றிப்பின் நேரத்தையும் அதிகாரிகள் செல்லாதவை என்று அறிவித்தார்கள். எரிபொருளுக்கு மேலதிக உதவி செய்யும் சாதனம், அதாவது நைட்ரஸ் ஒக்சைட், இருந்தது என்பதே குற்றச்சாட்டு. இன்னொரு ஓட்டுநரான டேவ் மார்ஸிஸின் நேரமும் வேறொரு காரணத்துக்காக நீக்கப்பட்டது. எதிர்பாராத விதமாக ராமோ ஸ்டொட் என்பவர் முதலிடத்திலிருந்து புறப்பட்டார். ஒரு வாரத்தின் பின் நடந்த பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேவிட் பியர்சனும் ரிச்சர்ட் பெற்றியும் மோதிக்கொள்ள, நொருங்கிய காரை உருட்டிக்கொண்டு பியர்சன் வென்றார். அமெரிக்கப் பந்தய ரசிகர்களுக்கு அந்த முடிவுதான் நினைவில் நிற்கிறது. எனக்கு அந்த முதல் வாரமே முக்கியமாகப் படுகிறது. தடை செய்யப்பட்ட ஒன்றின் பெறுமதியை உலகம் அறிந்துகொள்வது பெரும்பாலும் தடை செய்தவரின் வாயால்தான்.

இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1978இல், மைக் தெர்மோஸ், டேல் வஸ்னேயன் ஆகிய இருவர் கலிபோர்னியாவில் 'நைட்ரஸ் ஒக்சைட் சிஸ்ரம்ஸ்' என்ற நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். 'நொஸ்' என்று இளைஞர்கள் சுருக்கமாகச் சொல்வது இந்தப் பெயரின் முதலெழுத்துகளையே. பெட்டியில் உருளை, குழாய்கள், இரண்டு மின்காந்த வால்வுகள், துளையிட்ட சில பித்தளைத் துண்டுகள். வீட்டில் பொருத்திக்கொள்ளலாம். இரகசியம் சந்தைக்கு வந்துவிட்டது.

அந்தப் பித்தளைத் துண்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'ஜெட்' என்று அழைக்கப்படும் இவற்றின் நடுவே உள்ள துளையின் அளவே எஞ்சினுக்குச் செல்லும் வாயுவின் அளவைத் தீர்மானிக்கிறது. துளை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு என்ற கணக்கில் அளக்கப்படுகிறது. 47 என்று பொறிக்கப்பட்ட ஜெட்டைக் கழற்றி 52 ஐப் போட்டால் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு தலைமயிரின் தடிப்புத்தான். ஆனால் துளையின் பரப்பு 22 வீதம் கூடிவிடுகிறது. வாயுவுக்கு ஒரு ஜெட், அதனுடன் சேர்ந்து எரிய வேண்டிய மேலதிக பெற்றோலுக்கு இன்னொரு ஜெட். இரண்டுக்கும் இடையிலான விகிதமே எல்லாம். பெற்றோல் கூடினால் வலு குறையும், புகை வரும், எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். பெற்றோல் குறைந்தால் சுவாலையின் வெப்பம் அலுமினிய பிஸ்டனின் தலையை மெழுகாக்கிவிடும். சில விநாடிகள் போதும். இரண்டு ஜெட்களையும் இடம் மாற்றிப் பூட்டியவர்களின் கதைகள் பந்தயத் திடல்களில் ஏராளம்.

துளை மாறாமல் இருந்தாலும் அதற்கூடாகச் செல்லும் வாயு மாறிக்கொண்டே இருக்கும். உருளைக்குள் இருப்பது திரவமும் அதன் ஆவியும். உள்ளிருக்கும் அமுக்கத்தை நிர்ணயிப்பது வெப்பநிலை. 20 பாகையில் அது சதுர அங்குலத்துக்குச் சுமார் 735 இறாத்தல். 30 பாகையில் 900ஐத் தாண்டும். அமுக்கம் கூடினால் வாயு அதிகம் பாயும், பெற்றோலோ பழைய அளவிலேயே வரும். விகிதம் குலையும். ஆகவே பந்தயக்காரர்கள் உருளையைச் சுற்றி மின்சூடாக்கியைக் கட்டி 900 முதல் 1,050 இறாத்தலுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். தீப்பந்தத்தால் சூடாக்கி உருளை வெடித்து இறந்தவர்களும் உண்டு. இதில் எமது நாடுகளைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு ஒரு விசேட சிக்கல் இருக்கிறது. 36.4 பாகைக்கு மேல் நைட்ரஸ் ஒக்சைட்டில் திரவம், ஆவி என்ற பேதமே மறைந்துவிடுகிறது. கொழும்பிலோ சென்னையிலோ வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் பின்பெட்டி அந்த வெப்பநிலையை மிக இலகுவாகக் கடந்துவிடும். அதன் பின் குளிர் நாட்டில் தயாரிக்கப்பட்ட பொருத்தல் கைந்நூலின் எண்கள் பொருந்தா.

பாயத் தொடங்கிய பின் நேர்மாறான சிக்கல். திரவம் ஆவியாக ஆவியாக உருளை குளிர்ந்து அமுக்கம் விழுகிறது. பந்தயத்தின் தொடக்கத்தில் கிடைத்த வலு இறுதியில் கிடைப்பதில்லை. இதனாலேயே சிலர் அமுக்கிய நைதரசனைக் கொண்டு பின்னாலிருந்து தள்ளி அமுக்கத்தை ஒரே நிலையில் வைத்திருக்கிறார்கள். உருளையைப் பொருத்தும் கோணத்துக்குக்கூடக் காரணம் இருக்கிறது. கார் முன்னே பாயும்போது உள்ளிருக்கும் திரவம் பின்னே ஒதுங்கும். உறிஞ்சு குழாயின் நுனி அந்தப் பின்மூலையில் இருந்தால்தான் திரவம் கிடைக்கும். இல்லையேல் ஆவி மட்டும் போகும். எஞ்சின் பெற்றோலில் மூச்சடைத்துப் பின்வாங்கும்.

எனினும் காரில் நைட்ரஸைக் கட்டுப்படுத்துவது விமானத்தைவிடக் கடினமாக இருப்பதற்கான அடிப்படைக் காரணம் இவை எவையும் அல்ல. சாதாரண வளியை எஞ்சின் தன் வேகத்துக்கேற்ப உறிஞ்சிக்கொள்கிறது. மெதுவாகச் சுழன்றால் குறைவாக, விரைவாகச் சுழன்றால் அதிகமாக. நைட்ரஸ் ஒக்சைட்டோ எஞ்சினின் வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் விநாடிக்கு இவ்வளவு என்று பாய்ந்துகொண்டிருக்கும். அதன் விளைவு என்ன? நிமிடத்துக்கு 5,000 தடவை சுழலும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிடைக்கும் அளவைப்போல் இரு மடங்கு, 2,500 சுழற்சியில் கிடைக்கும். 100 குதிரைவலுவுக்கான வாயுவை 5,000 சுழற்சியில் திறந்தால் கூடும் முறுக்குவிசை சுமார் 142 நியூட்டன் மீற்றர். அதையே 2,500இல் திறந்தால் 285. வலு ஒன்றுதான்; ஆனால் அந்த இரண்டாவது அடி இணைப்புத் தண்டுகளை வளைக்கும், பற்சக்கரங்களின் பல்லை உடைக்கும், ரயர்களைப் புகையாக்கும். மெதுவாகச் சுழலும்போது உறிஞ்சு குழாயில் தேங்கும் வாயுவும் பெற்றோலும் பின்னோக்கித் தீப்பற்றினால் எஞ்சினின் மேற்பகுதியே பறந்துவிடும். திரைப்படத்துப் பொத்தான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ஆரம்பத்தில் கண்ட தீர்வு எளியது. 3,000 சுழற்சிக்குக் கீழே வால்வு திறக்காமலும், உச்ச வேகத்தை நெருங்கும்போது மூடிக்கொள்ளவும் ஓர் ஆளி. அக்சிலரேற்றர் முழுமையாக மிதிக்கப்பட்டிருந்தால் மட்டும் இயங்க இன்னோர் ஆளி. வேகப் பந்தயக்காரர்கள் வாயுவைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். புறப்படும்போது ஒரு கட்டம், ஒரு விநாடி கழித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. 1987இல் பில் குல்மன், கதவுகள் கொண்ட காரில் கால் மைல் ஓட்டத்தில் மணிக்கு 200 மைலை முதன்முதலாகக் கடந்தது நைட்ரஸின் துணையுடன்தான். 1990இல் அமெரிக்காவில் 'புரோ மொடிஃபைட்' என்ற தனிப் பந்தயப் பிரிவு அறிவிக்கப்பட்டபோது டேற்றோனாவில் ஒளித்து வைத்த உருளைக்கு அங்கே பகிரங்கமான ஆசனம் கிடைத்தது.

அடுத்த படி மின்னணுவியலின் உபயம். வால்வைப் பாதி திறந்து வைக்க முடியாது. அது ஒன்றில் திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். ஆனால் விநாடிக்குப் பத்து முதல் முப்பது தடவை அதைத் திறந்து மூடலாம். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதை மாற்றினால் சராசரி ஓட்டம் மாறும். 30 வீத நேரத்தில் தொடங்கி இரண்டு விநாடிகளில் 100 வீதத்துக்கு உயர்த்தலாம். ரயர் பிடிக்கும் அளவுக்கு மட்டும் வலுவைக் கொடுத்து, பிடி இறுக இறுகக் கூட்டலாம். எமது கிராமங்களில் வாய்க்காலின் கதவைத் திறந்து திறந்து மூடி வயலுக்கு நீரை அளந்துவிடும் விவசாயியின் கைவித்தைதான். கதவு மட்டும் விநாடிக்கு இருபது தடவை ஆடுகிறது.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. நடைமுறையில் கணக்கு உதைக்கிறது. 6,000 சுழற்சியில் ஒரு சிலிண்டர் விநாடிக்கு ஐம்பது தடவை மூச்சிழுக்கும். எட்டுச் சிலிண்டருக்கும் சேர்த்து நானூறு மூச்சு. வால்வோ இருபது தடவைதான் துடிக்கிறது. சில மூச்சுகளுக்கு விருந்து, சிலவற்றுக்குப் பட்டினி. உறிஞ்சு குழாயின் பொதுவறை அதை ஓரளவு சமன் செய்தாலும் முற்றாக அல்ல. தவிரவும், வால்வு கட்டளையிட்ட கணத்தில் திறப்பதில்லை. ஆயிரம் இறாத்தல் அமுக்கத்தை எதிர்த்துத் திறக்க வேண்டிய நைட்ரஸ் வால்வும், மிகக் குறைந்த அமுக்கத்தில் இயங்கும் பெற்றோல் வால்வும் ஒரே கட்டளைக்கு ஒரே விதமாகப் பதிலளிப்பதில்லை. திரையில் 20 வீதம் என்று காட்டும்போது ஒன்று 20ஐக் கொடுக்கும், மற்றது 12ஐக் கொடுக்கும். ஜெட்களால் கவனமாகப் பேணிய விகிதம் இங்கே கைநழுவுகிறது.

எனவே துல்லியமாகக் கட்டுப்படுத்துகிறோம் என்று விளம்பரம் செய்வது ஒன்று. அதைச் செய்துகாட்டுவது வேறொன்று. கண்காட்சிகளில் காரின் முன்புறமிருந்து வெண்ணிறப் புகைத் தூணொன்று சீறி எழுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். குழாயில் தேங்கிய ஆவியை வெளியேற்றும் வேலை அது. கூட்டம் கைதட்டும். அளவைப் பற்றி அது எதையும் நிரூபிப்பதில்லை. உண்மையான செய்முறை விளக்கம் பார்வைக்குச் சுவாரசியமற்றது. உருளையைத் தராசில் நிறுத்து, வால்வைப் பத்து விநாடி இயக்கி, மீண்டும் நிறுப்பார்கள். 100 குதிரைவலுவுக்கு ஏறத்தாழ ஓர் இறாத்தல் குறைந்திருக்க வேண்டும். 50 வீதத்தில் இயக்கினால் அரை இறாத்தல் குறைகிறதா, 20 வீதத்தில் ஐந்திலொரு பங்கு குறைகிறதா என்று பார்ப்பார்கள். பெற்றோலுக்கும் அப்படியே. இரண்டு கோடுகளும் சமாந்தரமாக வந்தால்தான் கட்டுப்பாடு இருக்கிறது என்று பொருள். பிறகே காரை உருளைகளின் மீது ஏற்றி வலுவை அளப்பார்கள். கட்டுப்பாடு இல்லாத ஓட்டத்தின் வரைபடத்தில் முறுக்குவிசை சுவர் போல எழும். கட்டுப்படுத்திய ஓட்டத்தில் மலைச்சரிவு போல ஏறும். இரண்டின் உச்ச வலுவும் ஒன்றாகவே இருக்கலாம். முதலாவது காரின் எஞ்சினைத்தான் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும்.

கழற்றுவது எஞ்சினை மட்டும் என்றால் அது பணத்தோடு போகும். 2007 ஜூலை 26ஆம் திகதி கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், தனியார் விண்கலம் ஒன்றுக்கான நைட்ரஸ் ஒக்சைட்டின் ஓட்டத்தை 'ஸ்கேல்ட் கொம்பொசிட்ஸ்' நிறுவனத்தினர் பரிசோதித்தார்கள். எரிபொருள் இல்லை, தீ இல்லை. வாயு வால்வினூடாகச் சரியாகப் பாய்கிறதா என்று பார்ப்பது மட்டுமே நோக்கம். தாங்கி வெடித்து மூவர் இறந்தனர், மேலும் மூவர் காயமடைந்தனர். இதே வாயுவைப் பயன்படுத்திய 'ஸ்பேஸ்ஷிப் வன்' விண்கலத்தை 2004இல் வெற்றிகரமாக விண்ணுக்கு அனுப்பிய நிறுவனம் அது. தானாக எரியாத வாயுவும் தக்க தூண்டுதல் கிடைத்தால் தன்னைத் தானே பிரித்து வெப்பத்தை வெளிவிடும் என்பதைப் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. காரின் பின்னால் இருக்கும் நாலரைக் கிலோ உருளைக்கும் அந்தப் பாடம் பொருந்தும். எண்ணெய்ப் பிசுபிசுப்புள்ள கையால் அதன் வால்வைத் தொடக்கூடாது என்று அனுபவசாலிகள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.

வாயுவை எஞ்சினுக்கென்று வாங்கிச் சுவாசிப்பவர்களும் இருக்கிறார்கள். அதைத் தடுக்கவே அமெரிக்காவில் வாகனங்களுக்கு விற்கப்படும் நைட்ரஸில் கந்தகவீரொட்சைட்டைச் சிறிதளவு கலந்து மூக்கை அரிக்கச் செய்கிறார்கள். நெதர்லாந்து 2023 ஜனவரியிலும், பிரித்தானியா அதே ஆண்டு நவம்பரிலும் போதைக்காக இதை வைத்திருப்பதைக் குற்றமாக்கின. டேவியும் கவிஞர்களும் பட்டுப் பையோடு இன்றைய பிரிஸ்டல் நகரில் அமர்ந்திருந்தால் பொலிஸார் கதவைத் தட்டியிருப்பார்கள்.

இன்றைய பந்தயக் கார்களில் நைட்ரஸைக் கட்டுப்படுத்தும் கணினி சக்கரத்தின் வேகத்தையும், கியரையும், உருளையின் அமுக்கத்தையும், புகைக்குழாயில் மிஞ்சும் ஒட்சிசனையும் கணத்துக்குக் கணம் அளக்கிறது. ரயர் வழுக்கினால் வாயுவைக் குறைக்கிறது. விகிதம் பிழைத்தால் வால்வை மூடிவிடுகிறது. 50 குதிரைவலு கூடும்போது தீப்பொறியின் நேரத்தைச் சுமார் இரண்டு பாகை பின்தள்ள வேண்டும் என்ற பழைய கைக்கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. ஓட்டம் முடிந்ததும் அத்தனை எண்களும் வரைபடங்களாகத் திரையில் விரிகின்றன. ஆயினும் பொறுப்பான மெக்கானிக் அத்துடன் திருப்தியடைவதில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, எட்டு ஸ்பாக் பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, வெள்ளைப் பீங்கானில் அலுமினியத் துகள் ஏதும் மின்னுகிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்கிறார்.